சிவப்பு நூல் கட்டிய காய்

மூங்கிலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த பந்தல்காரர் கடப்பாரையை நிறுத்திவிட்டு, "இந்தக் கொடியை அறுத்துப் போட்டறலாமுங்களா?" என்று கேட்டார்.

கதிரேசன் திரும்பிப் பார்த்தான். வீட்டின் பக்கவாட்டிலிருந்து படர்ந்து வந்த அரசாணிப் பரங்கிக் கொடியின் நுனி, குழிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

"வேண்டாம்."

காலையிலிருந்து அவன் பேசிய முதல் சொல் அதுதான். நான்கு மணிக்கு மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டபோதும் பேசவில்லை. எஸ்டிடி பூத்தில் நின்று மாமனார் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதையும், கூட வந்த நண்பன் சென்னகிருஷ்ணன்தான் சொன்னான். கருமத்தம்பட்டிக்கு வண்டி வந்து, மனைவி பொற்கொடியின் உடலை இறக்கி வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தி அரைமணி நேரம் ஆகியிருந்தது.

பந்தல்காரர் இரண்டடி தள்ளிக் குழி தோண்டினார். பந்தல் கோணலாக நின்றது. பத்து மணிக்கு வெயில் அவள் காலில் விழுந்தது. நான்கு பேர் சேர்ந்து பெஞ்சை நகர்த்தினார்கள்.

கதிரேசன் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்கள் கையைப் பிடித்தார்கள். விட்டார்கள். பெரும்பாலும் அவன் வேலை செய்யும் நூற்பாலை ஆட்கள், தெருவில் தறி ஓட்டுகிறவர்கள். அக்கம்பக்கத்தில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவில் பகல் நேரத்தில் அவன் அதுவரை கேட்டிராத அமைதி.

தொண்ணூற்று இரண்டில் கல்யாணம். நான்கு வருடம். குழந்தை இல்லை. ஆவணியில் கால் வீங்கியது. புரட்டாசியில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாகச் சொன்னார்கள். கார்த்திகையில் இது. சொல்லப்போனால் இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு சாஜிதா பேகம் பெரிய போசியில் டீ கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியாக அவனிடம் வந்தார்.

"ஒரு வாய் குடிங்க தம்பி. வெறும் வயித்தோட மயானத்துக்குப் போக முடியாது."

குடித்தான். சாஜிதா பேகம் போகாமல் நின்றார். பார்வை கொடியின் மேல் இருந்தது. பிறகு போசியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கொடிக்கும் சாஜிதா பேகத்துக்கும் சம்பந்தம் உண்டு. பொற்கொடி போட்டிருந்தது அவள் அம்மா வீட்டு விதை. சப்பையாக, ஆழமான வரிகளோடு, சாம்பல் பூத்த தோலோடு காய்க்கும். வெட்டாமல் வைத்தால் அடுத்த ஆடி வரைக்கும் கெடாது. அவள் அம்மா மாசாணியம்மாள், நிலக்காரப் பண்ணாடியின் தோட்டத்தில் கூலிக்குப் போன காலத்தில் எருக்குழி மேட்டில் போட்டு வளர்த்தது. இப்போது அவர்கள் அவிநாசியில் லைன் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு துளசி வைக்கக்கூட மண் இல்லை. விதை இந்த வாசலில் மட்டும்தான் இருந்தது. அதிலும் போன மழையில் டப்பாவுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. மிஞ்சியவை ஏழு. ஏழையும் ஆவணியில் ஊன்றினாள். மூன்று முளைத்தன. ஒன்று நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் சாஜிதா பேகமும் அரசாணி போட்டிருந்தார். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பாக்கெட் விதை. உருண்டையாக, சீக்கிரமாக, நிறையக் காய்க்கும். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் தேனீக்கள் இரண்டு வாசலுக்கும் போய்வந்தன.

பொற்கொடி தாவரவியல் படித்தவள். அதனால் பூவைக் கட்டினாள். ஆலையில் நூல் பரிசோதிக்கும் அறையிலிருந்து கதிரேசன் ஒரு சிவப்பு நூல்கண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தான். நாற்பதாம் நம்பர் நூல். எத்தனை இழுப்புக்கு அறும் என்பது அவனுக்குத் தெரியும். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை. மறுநாள் அவளே காட்டினாள்.

"அடியில குட்டிக் காய் இருந்தா அது பொம்பளைப் பூ. நாளைக்கு விரியற மொட்டை இன்னைக்குச் சாயங்காலம் பொழுதோடயே கட்டிப்போடோணும். ஆம்பளைப் பூ மொட்டையும் ஒண்ணு. வெடியால நேரமே ரெண்டையும் அவுத்து, இதை அதுல தொட்டு, மறுபடியும் கட்டோணும். அவ்வளவுதானுங்க. ஆனா வெயில் ஏறிச்சுன்னா தேனீ முந்திக்கும்."

"காய் மாறிப் போயிருமா?"

"காய் மாறாது. காய் அதோட அம்மா மாதிரியேதான் இருக்கும், ருசியும் அதேதான். உள்ள இருக்கற வெதையிலதான் கலப்பு. அடுத்த வருசம் போட்டாத்தான் தெரியும்."

புரட்டாசியில் அவளை முதல்முறை மருத்துவமனையில் சேர்த்த நாள் சாயங்காலம், கட்டிலில் படுத்தபடி அதைத்தான் சொன்னாள். இதுவரை கட்டியதெல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்துவிட்டது. மேற்குப் பக்கக் கிளையில் இன்னொரு பெண் மொட்டு இருக்கிறது. நாளைக்கு விரிந்துவிடும். இன்றைக்குப் போய்க் கட்டிவிடுங்கள். அவன் தலையாட்டினான். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். கண் விழித்தபோது மணி எட்டு. பூ மஞ்சளாக விரிந்து கிடந்தது. உள்ளே இரண்டு தேனீக்கள்.

அவன் அவை போகும்வரை நின்றான். பிறகு இதழ்களைச் சேர்த்துக் கட்டி, காம்பிலும் அடையாளத்துக்குச் சிவப்பு நூலைக் கட்டினான். அவள் கட்டுவதைப் போலவே இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.

பத்து மணிக்கு மருத்துவமனையில் அவள் கேட்டாள். "ஆச்சுங்களா?"

"ஆச்சு."

அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அந்தக் காயைத் தினமும் போய்ப் பார்த்தாள். மண் ஈரம் படாமல் அடியில் ஓடு வைத்தாள். குனிய முடியாத நாட்களில் அவனை வைக்கோல் போடச் சொன்னாள். போட்டான். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தான். மூன்று முறையும் வேறு எதையோ கேட்டான். முந்தாநாள் மருத்துவமனையில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"அந்தக் காயை எங்கம்மாளுக்குக் குடுத்துருங்க. அவங்களுக்கு வெதை இல்லாமப் போச்சு."

"நீயே குடு" என்றான்.



மாசாணியம்மாள் பதினொரு மணிக்கு வந்தாள். கூட மாமனார் ஆறுச்சாமியும், பையில் பிறந்த வீட்டுக் கோடியும். அரக்குச் சேலை. மாசாணியம்மாள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். நாள் முழுக்கத் துணியில் தொங்கும் நூலைத் தேடித் தேடிக் கத்தரிக்கிற வேலை. மகளின் மேல் சேலையை விரித்தவள் விளிம்பில் ஒரு பிசிறைப் பார்த்துவிட்டாள். குனிந்து பல்லால் கடித்து எடுத்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்த முகம் உறங்குவது போலத்தான் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கதிரேசனுக்கு அப்படித் தோன்றவில்லை. உறங்கும்போது அவள் வாய் லேசாகத் திறந்திருக்கும். குழியில் மூன்று கை மண் போடச் சொன்னார்கள். போட்டான். நான்காவதாக ஒரு கை அள்ளியவனை ஆறுச்சாமி மெதுவாகப் பின்னால் இழுத்தார். அந்த மண்ணை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்து, பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தான்.

மற்றவர்கள் நடந்து வந்தார்கள். சென்னகிருஷ்ணன் அவனை ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, பந்தல்காரரைப் பார்க்கப் போனான். வீடு கழுவி ஈரமாக இருந்தது. பின்வாசலில் சின்னம்மா காளியாத்தாள் அடுப்பு மூட்டியிருந்தாள். அவன் அம்மா இறந்ததிலிருந்து அந்த வீட்டில் நல்லது கெட்டதற்கெல்லாம் முன்னால் நிற்பது சின்னம்மாதான்.

"வந்துட்டியா சாமி. குளிச்சுப்போட்டு வா. வந்து இதுல ஒரு வெட்டு மட்டும் போட்டுக் குடுத்துரு. சோறு வடிச்சாச்சு, ரசம் ஆச்சு. ஆம்பளையாளு ஒருத்தர் இல்லாம இது அப்பப் புடிச்சு இப்படியே கெடக்குது."

துவைக்கிற கல்லின் மேல் ஓர் அரசாணிக்காய் இருந்தது. பக்கத்தில் அரிவாள்.

முழு அரசாணிக்காயைப் பெண்கள் வெட்ட மாட்டார்கள். ஆண் ஒருவன் முதல் வெட்டு வெட்டிப் பிளந்து கொடுத்தால்தான் அப்புறம் அரிவாள்மனைக்குப் போகும். பொற்கொடியும் அப்படித்தான். அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருப்பாள். பிஎஸ்சி படித்தவள் என்று கேலி செய்வான். "வெட்டறதுக்கு எனக்கென்னங்க. எங்கம்மா கனவுல வந்து திட்டும், அதைக் கேக்கறதுக்குப் பதிலா நீங்களே வெட்டிப்போடுங்க" என்பாள்.

குளித்து ஈர வேட்டியோடு வந்து கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தான். காயைத் திருப்பினான். காம்பில் சிவப்பு நூல் இருந்தது. வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது.

கொடியில் நூல் கட்டாத காய்கள் இன்னும் நான்கு உண்டு. இதுதான் பெரியது. முற்றிக் காம்பு காய்ந்தது. யாராக இருந்தாலும் இதைத்தான் பறிப்பார்கள்.

அரிவாளை எடுத்தான். ஒரு வெட்டு. அரைமணி நேரத்தில் குழம்பாகிவிடும். ஐம்பது பேர் சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் அவனிடம் கேட்க முடியாது.

"மாப்ள. அதை வெட்டாதீங்க."

மாசாணியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கி வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நூலின் மேல் விரலை வைத்தாள்.

"இது அவ கட்டுன காயுங்க. தீபாவளிக்கு வந்தப்பக் காட்டுனா. வெதைக்காயும்மா, உனக்குத்தான்னு சொன்னா."

காளியாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாமப் போச்சுங்க சம்பந்தி. பெருசா இருக்குதேன்னு பறிச்சுப்போட்டேன். இருங்க, வேற கொண்டாறேன்." அவள் கொடிப் பக்கம் போனாள்.

மாசாணியம்மாள் காயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கம்பெனிக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடக்கிறதென்றும், மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னாள். தை பிறந்ததும் போட்டுவிடலாம், தண்ணீர் அங்கேயே குழாயில் வருகிறது. இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. காயிடம் சொல்வது போலச் சொன்னாள்.

இப்போது கதிரேசன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காய் அவிநாசிக்குப் போகும். அங்கே முளைக்கும், உருண்டையாகவோ சப்பையாகவோ காய்க்கும். மண் மாறியதால் காய் மாறிவிட்டது என்று மாசாணியம்மாள் நினைத்துக்கொள்வாள். மகள் கடைசியாகக் கொடுத்தது என்று அதையே வருடா வருடம் போடுவாள்.

"அத்தை."

"சொல்லுங்க."

"அது அவ கட்டுனது இல்லீங்க. நான் கட்டுனது."

"நீங்க கட்டுனா என்னங்க. அவ சொல்லித்தானே கட்டுனீங்க."

"பொழுதோடயே கட்டச் சொன்னா. நான் தூங்கிப்போட்டேன். காத்தால எட்டு மணிக்குப் பாத்தா தேனீ உள்ள இருக்குது. அது போன பின்னாடி கட்டுனேன். கட்டியாச்சுன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க."

மாசாணியம்மாள் அவனைப் பார்த்தாள்.

"பக்கத்து ஊட்டுக் காயோட கலந்திருக்கும். வெதைக்கு ஆகாதுங்க."

வேறொரு காயை இடுப்பில் வைத்தபடி வந்த காளியாத்தாள் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தம். கழுவிய தரையிலிருந்து தண்ணீர் சாக்கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"கேட்டாளா?"

"முந்தாநேத்துக்கூடக் காயைப் பத்திப் பேசுனா. நான் சொல்லலீங்க."

மாசாணியம்மாள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்தாள். வெற்றிலைக்கு அடியிலிருந்து, கம்பெனியில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். காம்பை ஒட்டி நூலை வெட்டினாள். தோலில் ஒரு கீறல் விழவில்லை. காயை மடியிலிருந்து எடுத்து மறுபடியும் கல்லின் மேல் வைத்தாள்.

"வெட்டுங்க" என்றாள்.

அவன் வெட்டினான். தோல் கெட்டி. அரிவாள் பாதியில் நின்றது. காயோடு தூக்கிக் கல்லில் தட்டினான். இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஆழ்ந்த மஞ்சள். விதைகள் கொழுத்து, வெள்ளையாக, பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. மாசாணியம்மாள் கையாலேயே வழித்து எடுத்து ஒரு தட்டத்தில் போட்டாள். எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். 

பந்தியில் அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். குழம்பு ஊற்ற வந்தது மாசாணியம்மாள்தான். ஒரு கரண்டி ஊற்றினாள். நின்று, இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவன் ஒரு துண்டை வாயில் வைத்தான். போன வருடத்து ருசிதான். அதற்கு முந்தைய வருடத்து ருசியும் அதுதான். அவள் சொன்னது சரி. காய் மாறவில்லை. இலையில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டான்.

ஐந்தரை மணிக்கு வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போய்வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லக் கூடாது. பந்தல்காரர் மூங்கிலை நாளைக்குப் பிரித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கதிரேசன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தான். மாசாணியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேற மொட்டு இருக்குதுங்களா மாப்ள?"

அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக அவன் கொடிப்பக்கம் போகவில்லை. எழுந்தான். இருவரும் வேரிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். பழுத்த இலைகளை அவன் தூக்கிப் பிடித்தான், அவள் குனிந்து பார்த்தாள். ஆண் மொட்டுகள் நிறைய இருந்தன. பெண் மொட்டு இல்லை. வீட்டின் பக்கவாட்டைத் தாண்டி முன்வாசலுக்கு வந்தார்கள். பந்தல் காலுக்கு இரண்டடி இந்தப் பக்கம், கொடியின் கடைசி நுனியில், மாசாணியம்மாள் விரல் வைத்துக் காட்டினாள்.

கோலிக்குண்டு அளவுக்கு ஒரு காய். சப்பையாக, அப்போதே வரி விழுந்து. அதன் தலையில் மொட்டு. நுனி மஞ்சளாகிவிட்டிருந்தது.

"நாளைக்கு" என்றான்.

உள்ளே போனான். நூல்கண்டு எங்கே இருக்கிறது என்று தெரியும். அவளுடைய தையல் டப்பா. திறந்தான். நூல்கண்டுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. தள்ளிப் பார்த்தான். சிவப்பு நூல், ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. ஏதோ ஒரு பகலில் உட்கார்ந்து வெட்டி வைத்திருக்கிறாள். எப்போது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரே நீளம். ஆலையில் அளந்து வெட்டினால்கூட அப்படி வராது.

நான்கு எடுத்துக்கொண்டு வந்தான்.

"எங்க காலத்துல இதெல்லாம் கட்டுனதில்லைங்க" என்றாள் மாசாணியம்மாள். "எங்க பாத்தாலும் ஒரே காயிதான், எது எதோட கலக்கப் போகுது. எப்படிக் கட்டறதுங்க?"

அவன் குந்தி உட்கார்ந்து மொட்டின் நுனியைச் சேர்த்துப் பிடித்தான். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. ஓர் ஆண் மொட்டையும் அப்படியே கட்டினான். மாசாணியம்மாள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். தொங்கிய பிசிறைக் கத்தரித்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன் அவன் கொடியருகில் இருந்தான். இந்த முறை அவன் நாற்காலியில் உட்காரவில்லை. பனி இறங்கியிருந்தது. கிழக்கே வெளுத்ததும் ஆண் பூவை ஒடித்தான். நூலை அவிழ்த்து இதழ்களைக் கிள்ளிப் போட்டான். பெண் பூவை அவிழ்த்தபோது அது அவன் கைக்குள்ளேயே மெதுவாக விரிந்தது. உள்ளே யாரும் வந்து போயிருக்கவில்லை. தொட்டான். சுற்றிலும் தொட்டான். மறுபடியும் இதழ்களைச் சேர்த்துக் கட்டினான். பிறகு காம்பில் அடையாள நூல்.  முடிச்சு சரியாக விழுந்தது.

தெருவின் கோடியில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று.

"நேரமாச்சுங்க மாப்ள" என்றார் ஆறுச்சாமி. புதைத்த இடத்தில் பால் ஊற்றப் போக வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று பேர் வாசலில் தயாராக நின்றார்கள்.

மாசாணியம்மாள் பால் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்தபோது செம்பின் கழுத்தில் ஐந்து விரலும் மகரந்த மஞ்சளாகப் பதிந்திருந்தன. மாசாணியம்மாள் துடைக்க முந்தானையை எடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.